நான் எழுதாத சொல்

சம்மன் வந்த அன்றைக்கு வடக்கனந்தலில் எங்கள் நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு நான் வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்தார். செய்தி சேகரிக்கப் போகும்போது ஸ்டேஷன் வாசலில் பார்த்துப் பழகியவர். எப்போது பார்த்தாலும் "வாங்க மேடம், இன்னா நியூஸு" என்று கேட்பார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். போகும்போது மட்டும், தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வேலை இது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் கிழங்குக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னம்மா அது என்று கேட்டார். கேஸ் என்றேன். யார் மேல என்றார். என் மேலதான் மாமா என்றதும் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"நீ இன்னா பண்ணே?"

"எழுதுனேன்."

கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரப்புத் தகராறில் கேஸ் வரும், குடித்துவிட்டு அடித்துக்கொண்டால் கேஸ் வரும், அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எழுதியதற்குக் கேஸ் என்பதை அவர்கள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள். காகிதத்தில் இருந்த அவதூறு வழக்கு என்பதைப் படித்துச் சொன்னேன். அவதூறு என்றால் என்ன என்று மாமனார் கேட்டார். ஒருத்தரைப் பற்றி இல்லாததைச் சொல்லி அவர் பேரைக் கெடுப்பது என்றேன். "இல்லாததையா சொன்னே?" என்றார். இல்லை என்றேன். அப்புறம் எதுக்குக் கேஸு என்று கேட்டார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழுக்கு நான் பகுதிநேர நிருபர். டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் சம்பந்தப்பட்ட செய்திகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன். அப்புறம் எல்லாச் செய்தியும் நானே பார்க்கும்படி ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் மனு நாள், பஸ் ஸ்டாண்டில் தேங்கும் மழைத் தண்ணீர், கரும்பு விவசாயிகள் போராட்டம், மலையில் ரோடு இல்லாத ஊர்கள். எல்லாமே "நமது நிருபர்" என்றுதான் வரும். என் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. கணவர் பெயர், வயது, முகவரியோடு என் பெயரை முழுசாக முதன்முதலாக டைப் அடித்துப் பார்த்தது அந்தச் சம்மனில்தான். அதில் நான் மூன்றாம் எதிரி. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் சொல்வார்கள். பத்திரிகையை வெளியிடுபவர் முதல் எதிரி, ஆசிரியர் இரண்டாம் எதிரி.

அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. கரியாலூரில் ஒரு ரேஷன் கடைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். விழா முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் பக்கத்தில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் கலங்கிய தண்ணீர், அடியில் மண் படிந்திருந்தது. பேப்பர்காரங்க தானே என்று கேட்டுவிட்டு, "இதத்தான் குடிச்சிக்கினு இருக்கோம். வந்து பாக்கறீங்களா?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மனு கொடுப்பவர்கள் நீளமாகப் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான். அவர் அவ்வளவு சுருக்கமாகக் கேட்டதனாலேயே கூடப் போனேன்.

அவர் ஊர் ரோட்டிலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டிய ஒரு சின்னக் கிராமம். சாமையும் மரவள்ளியும் போடுகிற மலைக் குடும்பங்கள். அங்கே குடிதண்ணீர் என்றால் ஓடைதான். பஞ்சாயத்து மோட்டார் கெட்டுப்போய் வெகு நாளாகிவிட்டது. ஓடையில் பெண்கள் மணலைத் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சொம்பால் மொண்டு கொண்டிருந்தார்கள். மேலே வந்து பாருங்க என்று அவர் என்னை ஓடை ஓரமாகவே அழைத்துக்கொண்டு ஏறினார்.

மேலே ஒரு தங்கும் விடுதி. உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் பெரிய ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர், அருவிக்கு வருகிற கூட்டத்தை நம்பி மலையில் கட்டியது. அதை ஒட்டி ஓடையின் குறுக்கே இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் சுவர். சுவருக்கு மேல்பக்கம் தண்ணீர் தளும்பி நின்றது. அதிலிருந்து இரண்டு தடித்த குழாய்கள் விடுதிக்குள் போயின. உள்ளே நீச்சல் குளத்தில் சறுக்குமரம் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குதிக்கும் சத்தமும் பாட்டுச் சத்தமும் கேட்டன. போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் சுவரைத் தொட்டுக் காட்டியபடி நிற்பதுபோல் ஒரு போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

விடுதிக்காரருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். அது தன் பட்டா நிலத்தில் வருகிற ஓடை, மண் அரிக்காமல் இருக்கத்தான் சுவர் கட்டினேன், மழைக் காலத்தில் தண்ணீர் தானாக வழிந்து போய்விடும் என்றார். இப்போது போகவில்லையே என்றேன். இந்த வருஷம் மழை கம்மி, நான் என்ன செய்ய முடியும் என்றார். அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதினேன். தலைப்பாக "ஓடையை மறித்துத் தனியார் விடுதி சுவர், குடிநீருக்குத் தவிக்கும் மலைக் கிராமம்" என்று போட்டு அனுப்பினேன்.

மறுநாள் பேப்பரில் "மலையில் ஓடை நீர் திருட்டு" என்று பெரிய எழுத்தில் வந்திருந்தது. கீழே விடுதியின் பெயர், உரிமையாளர் பெயர். பக்கத்தில் அந்தப் பெண் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ. விடுதிக்காரர் தன் தரப்பில் சொன்ன வரிகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் புகுந்திருந்தது.

பெரிய தலைப்பு என்பதால் எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டொரு நாளில் அதிகாரிகள் ஜீப்பில் போய்ப் பார்த்துச் சுவரில் ஒரு பக்கம் உடைக்கச் சொன்னார்கள். உடைத்தார்கள். தண்ணீர் கீழே போயிற்று. அந்தப் பெண் போன் செய்து, ஓடை சத்தம் கேக்குது மேடம் என்றார். ஒரு வாரம் போவதற்குள் மணல் மூட்டையை அடுக்கி அந்த உடைப்பை அடைத்துவிட்டார்கள் என்று திரும்பவும் போன் வந்தது. அதை எழுதலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே விடுதிக்காரரிடமிருந்து பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருந்தது.

பத்திரிகை அலுவலகத்தில் முதலில் தைரியம் சொன்னார்கள். கேஸ் போடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். விடுதிக்காரர் கேஸ் போட்டார். எனக்குச் சம்மன் வந்த பிறகு ஒரு காலையில் பேப்பரைப் பிரித்தால் உள்பக்கத்தின் மூலையில் சின்னக் கட்டம். இன்ன விடுதி பற்றி வெளியான செய்தி யாரையும் புண்படுத்தும் நோக்கில் வெளியிடப்பட்டதல்ல, வருந்துகிறோம். அதோடு முதல் எதிரியும் இரண்டாம் எதிரியும் கேஸிலிருந்து விலகிக்கொண்டார்கள். விடுதிக்காரர் அவர்களோடு சமரசமாகிவிட்டார். என்னைப் பற்றிப் பேசும்போது, அவர் எங்கள் ஊழியர் அல்ல, பகுதிநேரமாகச் செய்தி அனுப்புகிறவர் என்று பத்திரிகைத் தரப்பில் சொன்னார்களாம். மூன்றாவது எதிரியாக இருந்தவள் ஒரே எதிரி ஆனேன்.

அந்த வாரத்தில் பதிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி பேசினான். செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடுகிற உதவி ஆசிரியன். நேரில் நான் அவனைப் பார்த்ததில்லை, போன் குரல்தான் பழக்கம். அந்தத் தலைப்பு அவன் வைத்தது. நான் போட்ட தலைப்பு நீளம், இடம் பத்தவில்லை, சின்னச் சொல்லாக ஒன்று வேண்டியிருந்தது என்றான். கோர்ட்டில் தன் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், வேலை போய்விடும் என்றான். பின்னால் ஒரு கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேஸ் விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உம் பேரே போடாத பேப்பருக்காக நீ எதுக்குக் கோர்ட்டுல நிக்கணும்?" கேட்டுவிட்டு அவரே எனக்கு ஒரு வக்கீலைத் தேடிக் கொண்டுவந்தார். அவரோடு கல்லூரியில் படித்தவர். கிரிமினல் கேஸ்கள் நடத்துகிறவர், நிதானமான மனிதர்.

வக்கீல் எனக்குச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, பிரிவு எண் மாறியிருக்கிறது, விஷயம் பழையதுதான், தண்டனை சிறை வரை போகலாம் என்றார். நான் எழுதினது உண்மைதானே, அது போதாதா என்று கேட்டேன்.

"உண்மைன்னு நீங்க சொன்னா போதாதும்மா. உண்மைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். அது பொது நன்மைக்காக எழுதுனதுன்னும் நிரூபிக்கணும். அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. தன் பேரு கெட்டுதுன்னு காட்டினா போதும்."

சுவர் இருந்தது என்பதற்கு என் போட்டோ இருக்கிறது. ஆனால் கேஸ் சுவரைப் பற்றியது அல்ல, திருட்டு என்ற சொல்லைப் பற்றியது என்றார். ஓடை அவர் பட்டாவில் வருகிறதா, புறம்போக்கில் வருகிறதா என்பதே ஆவணங்களில் குழப்பமாக இருந்தது. அந்தச் சொல் நான் போட்டதில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் வக்கீல். நான் அனுப்பிய மின்னஞ்சல் இருக்கிறது, அதைக் காட்டினால் என் பக்கம் பலம் கூடும். அந்தத் தம்பியிடம் சரி என்று சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. அந்தச் சொல்லை நான் எழுதவில்லை என்று சொன்னால், அது தப்பான சொல் என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகாதா? மணலைத் தோண்டிச் சொம்பால் மொண்டவர்களிடம் போய் அதை எப்படிச் சொல்வேன்? யோசிக்கிறேன் என்றேன்.

வாய்தா மேல் வாய்தா. முன்பெல்லாம் கோர்ட்டுக்குச் செய்தி எடுக்கப் போகும்போது மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போவேன், பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். இப்போது வராந்தாவில் மற்றவர்களோடு நின்றேன். டவாலி வாசலில் வந்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். உள்ளே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அடுத்த தேதி சொல்வார்கள். வெளியே வந்துவிடலாம். அதற்கு ஒரு முழு நாள் போகும். பழக்கப்பட்ட நிருபர்கள் வராந்தாவில் எதிரே வந்தால் ஒரு நிமிஷம் நின்று, இன்னா மேடம் ஆச்சு என்று கேட்பார்கள். யாருமே கேஸைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அந்த விடுதியின் பெயரைப் போட வேண்டுமே என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேஸ் வந்த பிறகு என் கையும் தயங்கத்தான் செய்தது. ஒரு உரக்கடையில் போட்ட விலைக்கு மேல் விற்கிறார்கள் என்று எங்கள் ஊர் விவசாயிகளே வந்து சொன்னார்கள். பில் இருக்கிறதா என்று கேட்டேன். பில் எவன் குடுக்கறான் என்றார்கள். பில் இல்லாமல் எழுத முடியாது என்று அனுப்பிவிட்டேன். அதற்கு முன்பெல்லாம் நானே கடைக்குப் போய் நின்று பார்த்திருப்பேன்.

விடுதிக்காரரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். ஆள் அனுப்பிவிட்டு இருந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் தனியாகத்தான் வருவார், எங்களோடு வராந்தாவிலேயே நிற்பார். ஒரு நாள் எதிரே இருந்த டீக்கடையில் நான் நின்றபோது அவரும் வந்தார். நகர்ந்துவிடலாமா என்று பார்த்தேன். அவரே பேசினார்.

"நான் மறிச்சேன் மேடம். மறிக்கலன்னு எங்கயாவது சொன்னனா? திருடன்னு போட்டுட்டீங்களே. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது. தண்ணி திருடன் பொண்ணுன்னு கூப்புடறாங்களாம்."

அவர் சொன்னது நடிப்பில்லை, கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அவர் மகள் பள்ளிக்கூட வாசலில் நிற்பது மாதிரி ஒரு காட்சி அன்று முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பில் இடம் பத்தாமல் போட்ட ஒரு சொல், உளுந்தூர்பேட்டையில் ஒரு பிள்ளை மேல் போய் விழுந்திருக்கிறது. கேட்கத் தோன்றியதைக் கடைசியில் கேட்டேன். அந்தச் சுவரை எடுத்துவிட்டால் என்ன? சீசன் நேரத்தில் குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் மலைக்கு யார் வந்து தங்குவார்கள் என்றார். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஒப்புக்கொண்டதைப் போய் வக்கீலிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னதை வைத்து என்ன செய்ய முடியும் என்றார் அவர்.

அதற்குப் பிறகு சாட்சி பற்றிப் பேச்சு வந்தது. மலையிலிருந்து நாலு பேராவது வந்து, ஓடை வற்றியது, நாங்கள்தான் சொன்னோம் என்று சொல்ல வேண்டும் என்றார் வக்கீல். நான் கரியாலூர் போனேன். ஊரில் ஆண்கள் பேச்சைத் திருப்பினார்கள். ஒருவர் விடுதி விருந்தாளிகளுக்கு ஜீப் ஓட்டுகிறார், ஒருவர் வீட்டிலிருந்து விடுதிச் சமையலுக்குப் போகிறார்கள். யாரும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை, பாக்கலாம் என்றார்கள். அந்தப் பெண் மட்டும் நான் வருகிறேன் என்றார். அவரை அதற்குள் ஊரில் கொஞ்சம் ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். போட்டோவுக்கு நின்றவர் அவர்தானே. உன்னால்தான் பிள்ளைகளுக்கு வேலை போகப்போகிறது என்று நேரிலேயே சிலர் சொல்லியிருந்தார்கள்.

சமரசப் பேச்சை முதலில் எடுத்தது விடுதிக்காரரின் வக்கீல். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் கேஸை முடித்துக்கொள்கிறோம், சுவரில் ஒரு குழாய் வைத்துக் கீழே ஊருக்குத் தண்ணீர் விடுகிறோம் என்றார்கள். நல்ல ஏற்பாடு, ஒத்துக்கொள்ளுங்கள் என்றார் என் வக்கீல். என் கணவரும் அதைத்தான் சொன்னார். அவர்கள் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தைப் படித்தேன். "தவறான தகவலின் அடிப்படையில் வெளியான செய்திக்காக வருந்துகிறேன்" என்று இருந்தது.

எனக்குத் தகவல் தந்தவர் ஒருவர்தான். அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. மறுபடி மலைக்குப் போனேன். அவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"நீங்க எழுதிக் குடுத்தா தண்ணி வந்துடுமா?"

"வுடறேன்னு சொல்றாங்க, அக்கா."

"அப்ப நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும், இல்ல?"

நான் பதில் சொல்வதற்கு முன் அவரே, தண்ணிதான் முக்கியம், எழுதிக் கொடுத்துடுங்க என்றார். முறத்தை எடுத்துக்கொண்டார். பேசி முடித்துவிட்டோம் என்பதுபோல் புடைக்க ஆரம்பித்தார். கீழே இறங்கி வரும் வரையில் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. தண்ணீருக்காக அவர் பொய்க்காரியாக இருக்கச் சம்மதித்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு நான் என் கேஸை முடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வரியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வக்கீலிடம் சொன்னேன். செய்திக்காக வருந்த மாட்டேன், தலைப்பில் வந்த "திருட்டு" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் வருந்துகிறேன், அதை வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நீங்கள் எழுதாத சொல்லுக்கு நீங்கள் வருந்துகிறேன் என்கிறீர்கள், எழுதியதற்கு மாட்டேன் என்கிறீர்கள், கோர்ட்டில் இதை நான் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். விடுதிக்காரரின் மகளை நினைத்தால் அந்தச் சொல்லுக்காக வருந்துவதில் எனக்கு உண்மையாகவே தடை இருக்கவில்லை.

அவர்கள் முதலில் மறுத்தார்கள். சில வாய்தாக்கள் அதிலேயே போயின. காகிதம் இங்கும் அங்கும் போயிற்று. "தவறான தகவல்" என்பதற்குப் பதில் "போதிய ஆதாரமின்றி" என்று போட்டுக்கொண்டு வந்தார்கள். அதையும் அடித்தேன். கடைசியில் விடுதிக்காரரே, அந்தச் சொல்லுக்குத்தானே நான் கேஸே போட்டேன், போட்டுக் குடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவரும் அலுத்துப் போயிருந்தார். நீதிபதி முன்னால் இரண்டு பேரும் நின்றோம். சமரச மனுவைப் பார்த்துவிட்டு, மனப்பூர்வமாகத்தானே என்று இரண்டு பேரையும் கேட்டார். ஆமாம் என்றோம். கேஸ் முடிந்தது. வெளியே வந்து என் கணவர் வாங்கி வந்த மோரைக் குடித்தேன். மனுவின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சொன்னபடி சுவரில் குழாய் வைத்தார்கள். ஓடையில் தண்ணீர் வந்தது. ஆனால் ஊருக்கு வேறு மாதிரிச் செய்தி போய்ச் சேர்ந்தது. பேப்பர்காரம்மா கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்று ஜீப் ஓட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அவள் எழுதியது பொய், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் பொய்க்காரி. தண்ணீர் வந்தது விடுதிக்காரர் மனசு வைத்ததால்தான் என்று பேச்சு. அந்தப் பெண் எனக்குப் போன் செய்தார்.

"நீங்க இன்னா எழுதிக் குடுத்தீங்க மேடம்?"

மனுவின் நகல் என்னிடம் இருந்தது. அவருக்கு அதை முழுக்கப் படித்துக் காட்டினேன். செய்தியில் இருந்த தகவல்களைத் திரும்பப் பெறவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தோம், அதை இரண்டு முறை படித்தேன். கேட்டுவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, இங்க யாரு இதப் படிக்கப் போறாங்க என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் பத்திரிகையில் இந்த வரியைப் போட வைக்கப் பார்க்கிறேன் என்றேன். கேட்டும் பார்த்தேன். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளற வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கோடை வந்ததும் அந்தக் குழாயின் வாயில் துணியைச் சுற்றி அடைத்துவிட்டார்கள். இந்தத் தடவை அந்தப் பெண் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போல் மற்ற நிருபர்களோடு மரத்தடியில் இருந்தேன். அவரோடு அதே ஊர்ப் பெண்கள் ரெண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். அவரிடம் பேசுவதை நிறுத்தியவர்களில் ஒருவரும் அதில் இருந்தார். நான் கிட்டே போனேன். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. மனு கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டார்.

"இத எழுதுவீங்களா?"

எழுதுகிறேன் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தச் சின்னச் செய்தியோடு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மலைக் கிராமப் பெண்கள் மனு கொடுத்தார்கள், மனுவில் இன்னின்னது சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். என் கண்ணால் பார்த்தது எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வக்கீல் எப்படிப் படிப்பார் என்று நினைத்துப் பார்த்து எடுத்தேன், திரும்பப் போட்டேன். மனுவில் விடுதியின் பெயர் இருந்தது, அதனால் பெயரையும் எழுதினேன். இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வந்தது. விடுதியின் பெயர் இல்லை. "தனியார் விடுதி ஒன்று" என்று மாற்றியிருந்தார்கள். மற்ற பேப்பர்களிலும் அப்படியேதான். வந்ததே பெரிசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்தார். பேப்பரை யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள்.

"எந்த வுடுதின்னு போடலியே மேடம். இங்க வுடுதிங்க எத்தினியோ இருக்குது. ஒரு தப்பும் பண்ணாதவங்க வந்து எங்க வூட்டாண்ட நின்னு, எங்களயா சொன்னேன்னு கேட்டுட்டுப் போறாங்க."

நான் பெயரோடுதான் அனுப்பினேன் என்றேன். சொன்ன பிறகு, இதையே இன்னும் எத்தனை பேரிடம் சொல்லப் போகிறேன் என்று தோன்றியது. அவர் சரிங்க என்றார். வந்து கேட்டவர்களிடம் தானே அந்த விடுதியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அப்படிச் சொல்லாதீர்கள், உங்கள் மேலும் கேஸ் வரும் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் பாத்திரத்தில் ஏதோ ஊற்றும் சத்தம் கேட்டது.

வர்ற திங்கக்கிழமையும் மனு கொடுக்க வருவோம், நீங்க இருப்பீங்களா என்று கேட்டார். இருப்பேன் என்றேன்.